அகத்திணை வண்டியில் பதினோரு பேர்

தை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் நெடுங்கரையில் சங்க விழா நடக்கும் என்பதும், அன்றைக்கு ஊரே இரண்டாயிரம் வருடம் பின்னால் போய்விட்டு மாலை ஆறு மணி தாராபுரம் பஸ் வருவதற்குள் திரும்பி வந்துவிடும் என்பதும் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். முதல் வருடம் 'சங்க விழா' என்று நோட்டீஸ் அடித்ததைப் பார்த்துவிட்டு விசைத்தறிக்காரர் சங்கத்தார் கொடியும் கோஷமுமாக வந்து நின்று, இது எந்தச் சங்கம், யாரைக் கேட்டு நடத்துகிறீர்கள் என்று சண்டை பிடித்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, கையில் அட்டை வேல் கொடுத்து, அவர்களைச் சேரர் படையில் சேர்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் எங்களுக்குப் படைக்கு ஆள் பஞ்சம் வந்ததே இல்லை.

அன்றைக்கு நீங்கள் எங்கள் கடைவீதியில் நின்றால் வேப்பிலையும் அசோக இலையும் கோத்த தழையாடையை லெக்கிங்ஸுக்கு மேல் கட்டிக்கொண்டு பெண் பிள்ளைகள் போவார்கள், தெர்மாகோல் கிரீடம் காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மன்னர்கள் போவார்கள், வளைத்த பைப்பில் தங்கக் காகிதம் ஒட்டிய யாழோடு பாணர்கள் டீ குடிப்பார்கள். குறிஞ்சிக்கு அட்டையில் மலை செய்ய வேண்டும், நெய்தலுக்கு நீலத் துணியை ஆட்டிக்கொண்டே இருக்க நாலு பேர் வேண்டும், பாலைக்கு மட்டும் எங்கள் ஊர் அப்படியே போதும், ஒரு செலவும் கிடையாது. விழாவை நடத்துகிறவர் தமிழாசிரியர் நாச்சிமுத்து ஐயா. மைக்கில் பேசுகிறவன் நான், சுப்பராயன், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன், வாய் கொஞ்சம் நீளம்.

ஊர்வலத்தில் இரண்டு டிராக்டர் டிரெய்லர். முன்னால் போவது புறத்திணை வண்டி, அதில் மன்னரும் மறவரும் வள்ளலும் நிற்பார்கள். பின்னால் வருவது அகத்திணை வண்டி, அதில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன் என்று பதினோரு பேர். நான் வழக்கமாக இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி, இன்னார் மகன் இன்னார், இந்த வார்டு, இந்தத் தொழில் என்று ஊதித் தள்ளிவிடுவேன். அந்த வருடம் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுப்பராயா, புறத்துல வர்றவங்க பேர எவ்வளவு வேணா சொல்லு. அகத்துல பேரு சொல்லக் கூடாதப்பா. காதல்ங்கறது யாருக்கு வேணா வர்றது, அதுல ஒருத்தர் பேரச் சொல்லிட்டா அது அகமே இல்ல, புறமாயிரும். ரெண்டாயிரம் வருசத்து இலக்கணம், உன்ற மைக்குல கெட்டுப்போவுது" என்றார். சொல்லக் கூடாது என்றுதான் சொன்னார், அது சத்தியம். எனக்கு வாய் சும்மா இருக்குமா. "இதோ வந்துகொண்டிருக்கிறது அகத்திணை வண்டி, இதில் வருகிற பதினோரு பேருக்கும் பெயர் கிடையாது, பெயர் கிடையாது, பெயரே கிடையாது" என்று எட்டுக் குழாய் ஸ்பீக்கரில், நாலு திசைக்கும், பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை சொல்லிக்கொண்டே போனேன்.

நாலு மணிக்கு வண்டியிலிருந்து இறங்கினவர்களுக்குப் பெயர் இல்லை.

முதலில் கண்டுபிடித்தது தலைவனாக நின்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. வேஷத்துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவர் பேனாவை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார், பின்னால் நின்றவர்கள் என்னப்பா லேட்டு என்றார்கள், தன் பேர் என்ன என்று எங்களைக் கேட்டார், இருபது வருடமாக அவரிடம் பாலிசி போட்டிருக்கிற எங்களில் ஒருத்தருக்கும் வாயில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ரேஷன் கார்டில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது, ஆதாரில் படமும் எண்ணும் இருந்தன, பேர் இருந்த இடம் துடைத்த மாதிரி இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண்ணின் பேருக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. புதுப் பேர் வைத்துப் பார்த்தோம், காலையில் வைத்த பேர் பொழுது சாய்வதற்குள் நழுவிவிட்டது. பதினோரு பேரில் நாலு பேர் ஆண்கள், அவர்கள் வீட்டில் அன்றைக்கே ஒப்பாரி. ஏழு பேர் பெண்கள், அதில் நாலு வீட்டில் ஒரு மாதம் கழித்து ஏதோ விண்ணப்பப் பாரத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் அந்த வீடுகளில் அவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டே பல வருடமாகியிருந்தது. இதை ஐயா என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

ஊர் என்று ஒன்று இருந்தால் அது எதையும் பழகிக்கொள்ளும். தபால்காரர் 'தோழி, மாரியம்மன் கோயில் வீதி' என்று எழுதி வந்ததைச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பேங்கில் பேர் என்கிற இடத்தில் தலைவன் என்று எழுதி, அடைப்புக்குள் மீசை உள்ளவர் என்று சேர்த்துக்கொண்டார்கள். தாலுகா ஆபீசில் இதற்கென்று ஒரு பாரமே அடித்துவிட்டார்கள், அதில் 'விண்ணப்பதாரர் அகத்திணையைச் சேர்ந்தவரா, ஆம், இல்லை' என்று ஒரு வரி இருந்தது. கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொன்னார்கள், அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பழகிக்கொள்ள முடியாமல் போனது ஒருத்திக்குத்தான். அவளைச் செவிலியக்கா என்கிறோம், வேறெப்படிச் சொல்ல. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், புருஷன் போய்ப் பத்து வருடமாகிறது, ஒரே மகள். அந்த மகள் அதே வண்டியில் பாலைத் தலைவியாக நின்றாள், அதாவது காதலனோடு ஊரை விட்டுப் போகிறவளாக. அம்மாவுக்குத் தேடிப் போகிற செவிலி வேஷம். "பெத்தவ தேடிப் போமாட்டாளுங்களா?" என்று அவள் ஒத்திகையில் கேட்டதற்கு, "பெத்தவ வீட்டுக்குள்ளயே அழுவாம்மா, பாலைச் சுரத்துல தேடிப் போறவ வளர்த்தவதான்" என்று ஐயா சொன்னார். அப்படியென்றால் நான் ரெண்டுந்தானுங்களே என்றாளாம்.

விழாவுக்கு நாலு நாள் முன்னால்தான் தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை. அந்தப் பிள்ளைக்கு ஒரு போர்வெல் லாரிக்காரப் பையன் மேல் பிரியம், வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கே சத்தீஸ்கர், ஒடிசா என்று குழி போடப் போகிற பையன், நல்லவன்தான், வேற சாதி. "அவன் பேர எடுத்தீன்னா இனி உன்ற பேர இந்த வாயில சொல்ல மாட்டேன்" என்று அம்மா சொன்னது தெருவுக்கே கேட்டது. எந்த வீட்டில்தான் சொல்லாத வார்த்தை அது. விழா அன்றைக்கு இருவரும் ஒரே டிரெய்லரில் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள், ஜனங்கள் நடிப்பு பிரமாதம் என்று கை தட்டினார்கள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், அம்மா பள்ளிக்கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பிள்ளை போர்வெல் லாரியில் ஏறிப் போய்விட்டது.

அவள் ஓடினாள், கை கழுவாமல் ஓடினாள், பைபாஸ் வரைக்கும் ஓடினாள். தூரத்தில் லாரி போகிறது, கத்திக் கூப்பிட வேண்டும், வாயைத் திறந்தால் கூப்பிட ஒன்றுமில்லை. கண்ணு, கண்ணு என்று கத்தினாளாம், எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளையும் கண்ணுதான், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன், எஸ்.ஐ. வெளி மாவட்டத்துக்காரர், எங்கள் கதை தெரியாது.

"காணாமப் போனது யாரு? பேரு?"

"தெரியலீங்க."

"உங்க பொண்ணுதானேம்மா? சரி, உங்க பேரு?"

"அதுவுந் தெரியலீங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். உள்ளூர்க்காரரான ரைட்டர் காதில் குசுகுசுவென்று சொன்ன பிறகு, வயது இருபத்திரண்டு, மாநிறம், இடது புருவத்தில் தழும்பு, பெயர் அகத்திணை என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, "என்ற வாயினாலதானுங்க போச்சு" என்றாள். "இல்லீங்க்கா, என்ற மைக்கினால" என்றேன். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த முட்டை ஓட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பங்குனியில் ஒரு போன் வந்தது. பின்னால் கம்ப்ரஸர் இரையும் சத்தம், அதற்கு முன்னால் மகள் குரல். சோறு தின்றாயா, எங்கே இருக்கிறாய் என்று இவள் கேட்கும்போதே அந்தப் பிள்ளை குறுக்கிட்டது. "அம்மா, எனக்கு என்ற பேரு மறந்துபோச்சு. நீ வெச்சதுதானே, உனக்காவது ஞாபகம் இருக்கும். ஒருக்காச் சொல்லு" என்றது. இவள் நெஞ்சைப் பிசைந்து பார்த்தாள், தொட்டில் கட்டின நாளை நினைத்துப் பார்த்தாள், காது குத்தின நாளில் மாமன் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளையை என்ன சொல்லித் தேற்றினோம் என்று நினைத்துப் பார்த்தாள், எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. "சொல்ல மாட்டேன்னுதானே அன்னைக்கே சொன்ன" என்று அந்தப் பக்கம் போன் அறுந்தது, அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அதற்குப் பிறகு அவள் பேருக்காக ஏறாத படி இல்லை. பிறப்புச் சான்றிதழ் ஆபீசுக்குப் போனாள், டிசி வாங்கின பள்ளிக்கூடத்துக்குப் போனாள், பேர் சூட்டின ஐயரைத் தேடிப் பழனிக்குப் போனாள், எங்கேயும் வெள்ளைதான்.

சித்திரையில் எங்கள் பாணன் செத்துப்போனார். டீக்கடைக்காரர், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரமாகக் கிடந்தார். புதன்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு, டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அர்த்தநாரி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி "ராக்கியண்ணன்" என்றார், பஸ்ஸில் இருந்தவர்களும் அதே நொடியில் ராக்கியண்ணன் என்றார்கள், பள்ளிக்கூடத்தில் ஐயா கரும்பலகையில் வேறென்னவோ எழுதப்போய் ராக்கியண்ணன் என்று எழுதினார், டீக்கடை போர்டில் எழுத்து திரும்பி வந்தது. ஊர் சந்தோஷமாக, பேர் வந்துவிட்டது பேர் வந்துவிட்டது என்று கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது, பதினொன்றே காலுக்கு உயிர் போய்விட்டதாம். பிளெக்ஸ்காரர் கண்ணீர் அஞ்சலிக்குப் பேர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐயாதான் காரணத்தைச் சொன்னார், செத்தவன் அகத்துக்குள்ளே இருக்க முடியாது, அவன் புறத்துக்கு வந்துவிடுகிறான், புறத்தில் பேர் உண்டு.

இதைக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று கேட்ட செவிலியக்கா சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றோடு பேரைத் தேடுவதை விட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து அது ஆரம்பித்தது. எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் வழியில் டீக்கடையில் நிற்பாள், "என்ற புள்ள பேரு யாருக்காச்சும் ஞாபகம் வந்துதுங்களா?" என்று கேட்பாள், இல்லீங்க்கா என்பார்கள், நல்லதுங்க என்பாள். பஸ் நின்றுகொண்டிருந்தால் அர்த்தநாரியைக் கேட்பாள். தமிழாசிரியர் வீட்டு வாசலில் கேட்பாள். என் கடையில் கேட்பாள். எல்லாரும் இல்லை என்பதைக் கேட்டுவிட்டுத்தான் போய் உலை வைப்பாள். மழை வந்தாலும் குடை பிடித்துக்கொண்டு வந்து கேட்பாள். காய்ச்சலில் கிடந்த இரண்டு நாள் ஆளனுப்பிக் கேட்டாள். ஒரு மாதத்தில் எங்களுக்கும் அது பழகிவிட்டது, அவள் வர ஐந்து நிமிடம் தாமதமானால் நாங்களே நெஞ்சுக்குள் அந்தப் பேரைத் துழாவிப் பார்த்து, இல்லை என்று தெரிந்து, டீயைக் குடித்தோம்.

மார்கழியில் ஐயா மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். வழி இருக்கிறது என்றார். வருகிற தையில் அத்தனை பேரையும் புறத்திணை வண்டியில் ஏற்றி, இவர்களுக்குப் பெயர் உண்டு என்று சுப்பராயன் அதே எட்டுக் குழாயில் சொல்லட்டும், பதினோரு பேருக்கும் ஒரே வாயில் போனது, ஒரே வாயில்தான் வரும், ஊரில் இல்லாத பிள்ளையையும் சேர்த்துச் சொன்னால்தான் பலிக்கும். தலைவனுக்கு முகமெல்லாம் பல், பேர் இல்லாமல் அவர் தொழில் பாதியாகியிருந்தது. தோழிக்கு ஒரு பரீட்சை ரிசல்ட் அப்படியே நின்றிருந்தது. எல்லாரும் சரி சரி என்று எழுந்திருக்கும்போது செவிலியக்கா எழுந்து நின்றாள்.

"பேரு வந்தா உங்களுக்கெல்லாம் நல்லதுதானுங்க. வரக் கூடாதுன்னு சொல்ல எனக்கு வாயில்லீங்க. ஆனா மைக்குல சொல்லி வந்துட்டா, அப்பறம் என்ற புள்ள இருக்கறாளா இல்லியான்னு எனக்கு யாருங்க சொல்லுவாங்க?"

நான் மைக்கின் பித்தானைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன். கடைசியில் எழுந்தது தலைவன்தான், எப்போதும் தன் காரியத்தில் கண்ணாயிருக்கிற மனுஷன், "எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். தோழியும் தலையாட்டிற்று. கூட்டம் கலைந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தலைவன் வீட்டில் அவர் மனைவி பாத்திரத்தை எறிந்த சத்தம் எங்கள் வீடு வரை வந்தது, இருந்தாலும் அவர் சொன்ன வார்த்தையை மாற்றவில்லை.

அடுத்த ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், நான் காலையிலேயே குழாய் கட்டி, ஒயர் இழுத்து, மைக்கை வாயருகில் வைத்து, ஹலோ சொல்ல மூச்சை இழுத்தேன். ஏழு ஐம்பதுக்கு அந்தப் பேர் என் வாய்க்குள் வந்தது.

மைக் உயிரோடு இருந்தது. எட்டுக் குழாய் நாலு திசையும் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை அழகான பேர், நாக்கு நுனி வரை வந்துவிட்டது, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கையால் மைக்கைப் பொத்தினேன், ரத்தம் உப்புக் கரித்தது. தெருவைப் பார்த்தேன். டவுன் பஸ் கிளம்பாமல் நின்றது, அர்த்தநாரி விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். ஐயா ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வாசலுக்கு வந்துவிட்டார். டீக்கடையில் ராக்கியண்ணனின் சம்சாரம் ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றினாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் கூடிப் பேசவில்லை, அந்தத் தெருவில் இருந்த எழுபது எண்பது வாயில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை.

அவள் சந்தில் இருந்து டிபன் பாக்ஸோடு வந்தாள்.

டீக்கடையில் நின்றாள், கேட்டாள். "இல்லீங்க்கா" என்றார்கள். நல்லதுங்க என்றாள். பஸ்ஸருகில் போய்க் கேட்டாள், அர்த்தநாரி விசிலை எடுக்காமலே தலையை ஆட்டினார். ஐயா நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவர், "இல்லம்மா, வரல" என்றார், நுரை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு என்னிடம் வந்தாள். பெற்றவளுக்கு முதலில் வராமலா எங்களுக்கு வந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றிற்று. அவள் முகத்தைப் பார்த்தேன், தினமும் பார்க்கிற முகம்தான், தலை வாரி, திருநீறு வைத்து, ஒன்றும் தெரியவில்லை.

"என்ற புள்ள பேரு ஞாபகம் வந்துதுங்களாண்ணா?"

"இல்லீங்க்கா."

"நல்லதுங்க" என்றாள். போகாமல் கொஞ்சம் நின்றாள். "ஒயரு ஈரத்துல கெடக்குது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தன என்று ஐயா சாயங்காலம் சொன்னார்.

வடக்கேயிருந்து தகவல் எதுவும் வரவில்லை, எப்படி வரும், அவர்களிடம் இருப்பதும் பேரில்லாத ஒரு விலாசம்தானே. அந்தப் பையனும் திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது, பேர் தெரியும், அவ்வளவுதான். இது நடந்து மூன்று வருடமாகிறது. அந்தப் பேர் உள்ள மூன்று பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், அவர்களை இனிஷியலைச் சொல்லிக் கூப்பிடுகிறோம். கடைவீதியில் அந்தப் பேரில் இருந்த ஒரு ஜவுளிக்கடை போர்டை மாற்றிக்கொண்டது. வெளியூரிலிருந்து ஒரு மருமகள் அந்தப் பேரோடு வந்தாள், வாசலிலேயே விஷயத்தைச் சொல்லி வேறு பேரில் ஆரத்தி எடுத்தோம், அழுதாள், பாவம், இப்போது பழகிவிட்டாள். ஐயா மறுபடியும் புறத்திணை வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் இனி என்ன தடை என்று ஆகிவிடும், அது அந்தப் பிள்ளை இல்லை என்று அவளிடம் சொன்ன மாதிரிதான். அதனால் மிச்சமிருக்கிற ஒன்பது பேருக்கும் பேர் இல்லை. தோழிக்குப் பரீட்சை எழுதுகிற வயது தாண்டிவிட்டது. தலைவன் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கிறார், ஆடுகளுக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறார்.

எனக்கு இது பொறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லி அழுதுவிடலாம் என்று இருக்கும். சில நாள் அவள்தான் எங்களுக்காகக் கேட்கிறாளோ என்று இருக்கும்.

இன்றைக்குக் காலையிலும் வந்தாள். முடி நன்றாக நரைத்துவிட்டது. கடைக்கு முன்னால் நின்று, டிபன் பாக்ஸைக் கை மாற்றிக்கொண்டு, கேட்டாள். இல்லீங்க்கா என்றேன். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கேட்கப் போனாள்.